பழவேற்காட்டை வரைந்தவர்கள்

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. கடலோடிகள் திசை தவறாமல் செல்வதற்காக 1569இல் மெர்காட்டர் வகுத்த முறை அது. கப்பலுக்கு உதவிய படம் வகுப்பறைக்கு வந்தபோது ஐரோப்பா பெரியது என்ற எண்ணத்தையும் கூடவே கொண்டுவந்தது. எந்த வரைபடமும் யாரோ ஒருவரின் தேவைக்காக வரையப்படுவதுதான். அந்தத் தேவைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தாளில் இடம் கிடைப்பதில்லை. பழவேற்காட்டின் நானூறு ஆண்டு வரலாறு இதற்குச் சாட்சி.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்தபோது, பழவேற்காடு விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அரசி ஒருவருடைய ஆளுகையில் இருந்தது. 1613இல் எழுந்த கோட்டைக்கோ நெதர்லாந்து மாகாணம் ஒன்றின் பெயரால் 'கெல்டிரியா' என்று பெயரிட்டார்கள். கம்பெனியின் படங்களுக்கு வேண்டியவை கோட்டை, நங்கூரம் பாய்ச்சும் இடம், நீரின் ஆழம், முகத்துவாரம். இதே துறையிலிருந்து துணி மூட்டைகளோடு, அடிமைகளாக வாங்கப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் எந்தக் குப்பத்திலிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது அந்தப் படங்களின் கேள்வியாக இருக்கவில்லை.

ஆங்கிலேயரின் கேள்வி வேறு. 1802இல் லாம்டன் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண அளவை, நாட்டைத் துல்லியமாக அளந்தது. ரயத்துவாரி நில அளவையோ ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சர்வே எண், ஒரு பட்டாதாரர், ஒரு தீர்வை என்று கணக்கிட்டது. தீர்வை கட்டாத பொது இடங்கள் 'புறம்போக்கு' என்று பதிவாயின. பெண்கள் மீன் உலர்த்தும் மணல்வெளி, தலைச்சுமையோடு நடக்கும் தடம், படகு ஏற்றும் கரை எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போயின. ஊரின் பிழைப்பே நடக்கும் இடம், யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலமாகக் காகிதத்தில் மாறியது. புறம்போக்கு என்ற சொல் பின்னாளில் மனிதர்களைத் திட்டும் வசவாகவும் ஆனது.

இந்த அளவைகள் எல்லாம் நிலம், நீர் என்று இரண்டைத்தான் அறியும். பழவேற்காடு ஏரியோ சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே கொண்டது. பருவத்துக்கு ஏற்ப அதன் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டரிலிருந்து 450 வரை விரியும். முகத்துவாரம் மணல் மேவி அடைபடும், மழை வெள்ளத்தில் மீண்டும் திறக்கும். அந்த ஏரியைச் சுற்றி வரைபடம் ஒரே ஒரு நீலக்கோட்டைப் போடுகிறது. எந்த மாதத்துக் கரை அது?

அந்தக் கோட்டின் இருபுறமும் உள்ள சேற்றில்தான் பெண்களின் உழைப்பு இருக்கிறது. இருளர் பெண்களும் தலித் பெண்களும் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். படகு வேண்டாம், வலை வேண்டாம். ஆழமில்லாத தண்ணீரும் வற்றும் நேரமும் தெரிந்தால் போதும். பட்டினவர் பெண்கள் மீனை ஏலம் எடுத்து, உலர்த்தி, சந்தைக்குச் சுமக்கிறார்கள். இந்த இடங்களில் எதற்கும் வரைபடக் குறியீடு கிடையாது.

குறியீடு இல்லாததால் நேரும் இழப்பு கற்பனையல்ல. கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவ கிராமங்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் தளங்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை சொன்னது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில், 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த படத்தில் இருந்த கழிமுகத்தின் பெரும்பகுதி, பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைத்த படத்தில் இல்லை என்று 2017இல் செயற்பாட்டாளர்கள் குற்றம்சாட்டினார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தது. மீனவ கிராமங்கள் எதிர்த்தன. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் யார் பாதிக்கப்படுவார், யாருக்கு இழப்பீடு என்ற கணக்கு வரைபடத்திலிருந்துதான் தொடங்குகிறது. தாளில் இல்லாத இடத்தை இழந்ததாக ஒருத்தி எப்படி மனுக் கொடுப்பாள்?

இதற்கு விடையாகத்தான் மீனவர்கள் தாங்களே வரைபடம் வரையத் தொடங்கியிருக்கிறார்கள். பழவேற்காட்டில் அதற்கு வலுவான அடித்தளம் உண்டு. அதுதான் பாடு. ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலைபோடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் பழைய ஏற்பாடு அது. அரசின் படம் வெறும் நீலமாகக் காட்டும் நீரில், பாடு பெயர்களையும் முறைகளையும் காட்டுகிறது. ஆனால் அதையும் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டு உரிமை பட்டினவர் சாதியின் மணமான ஆண்களுக்குரியது. தலைக்கட்டு என்றால் ஆண். பாட்டை மட்டும் வைத்து ஏரியை வரைந்தால், அரசின் படத்தில் இல்லாத அந்தப் பெண்கள் ஊரின் படத்திலும் இருக்க மாட்டார்கள். கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண் சாதியாலும் பாலினாலும் இருமுறை விடுபடுகிறாள்.

ஆகவே, வரைபடம் யாருடையது என்று கேட்பதோடு, வரையும்போது யார் உடனிருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். இறால் தடவும் திட்டுகள், நீர் வற்றும் நேரங்கள், கருவாடு காயும் மணல், நல்ல தண்ணீர் எடுக்கும் இடம், சந்தைக்குப் போகும் தடம் ஆகியவற்றைப் பெண்களே சொல்லி, பெண்களே குறிக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு தாள் தேவைப்பட்டாலும் சரி. துறைமுகத்தைப் பற்றிய அடுத்த கூட்டம் எப்போது கூடினாலும், அந்தத் தாள்களும் மேசைமேல் இருக்க வேண்டும்.