தகவல் உரிமை சட்டத்தில் திருத்தம்: மனு போடுவோர் கவனிக்க வேண்டியது என்ன?

ஊரப்பாக்கம்,
தெருவுக்கு ரோடு போட்ட காண்டிராக்டர் யார்? இலவச வீடு யார் யாருக்கு கிடைத்தது? ஊரப்பாக்கத்தில் யார் வேண்டுமானாலும் 10 ரூபாய் கட்டி மனு போட்டு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

தமிழகத்தில் இதற்கு 1997-லேயே தனிச்சட்டம் வந்தது. மத்திய அரசின் தகவல் அறியும் உரிமை சட்டம் 2005 அக்டோபர் 12-ந்தேதி அமலானது.

2019-ல் செய்த திருத்தத்தில் தகவல் ஆணையர்களின் 5 ஆண்டு பதவிக்காலம் போனது. மத்திய அரசு அதை 3 ஆண்டாக்கியது.

அடுத்த திருத்தம்தான் மனுதாரர்களுக்கு தலைவலி. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் மூலம் 8(1)(ஜே) பிரிவு மாற்றப்பட்டு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது.

முன்பு, பொதுப்பணிக்கு சம்பந்தமில்லாத அந்தரங்க விவரங்களை மட்டுமே மறுக்க முடியும். இப்போது 'தனிநபர் விவரம்' என்று ஒரே வரியில் மனுவை தள்ளிவிட இடம் உண்டு. பயனாளி, காண்டிராக்டர் பெயரைக்கூட இப்படி மறைக்கலாம் என்பதுதான் அச்சம்.

ஆனாலும் ஒரு வழி இருக்கு. பாதிப்பை விட பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்கிறது 8(2) பிரிவு. இது நீக்கப்படவில்லை. மனுவிலேயே இந்த பிரிவை குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதுவது நல்லது.

மறுத்தால் 30 நாளுக்குள் அந்த துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடமும், அதன்பின் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையத்திலும் அப்பீல் செய்யலாம்.