யாருடைய தெரிவு? மில்வாக்கி நகரின் தனியார் பள்ளிகள்

அமெரிக்கக் கல்வி வரலாற்றில் 'பள்ளித் தெரிவு' என்னும் கருத்தாக்கத்தை மில்டன் ஃப்ரீட்மனின் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்குவது பாடநூல் மரபு. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரை எடுத்துக்கொண்டால் அம்மரபு போதாமையுடையது என்பது புலப்படும். அங்கே தனியார் பள்ளி என்பது சந்தைக் கோட்பாட்டுக்கு வெகுகாலம் முன்பே சிறுபான்மையோரின் அரணாக இருந்தது.

1848 புரட்சியில் பங்கேற்றுப் புலம்பெயர்ந்த பீட்டர் எங்கல்மனின் தலைமையில், 1851இல் ஜெர்மன்-ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. அது சமயம் சாராதது. அதனருகே லூத்தரன், கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகளும் பெருகின. 1889இல் மாநில அரசு இயற்றிய பென்னட் சட்டம், தனியார் பள்ளிகளிலும் அடிப்படைப் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிப்பதைக் கட்டாயமாக்கியது. சமயத்தால் பிரிந்திருந்த லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் மொழியின் பொருட்டு ஒன்றுபட்டனர். 1890 தேர்தலில் ஆளுநர் ஹோர்ட் தோற்றார். வென்றவர் மில்வாக்கி மேயர் ஜார்ஜ் பெக். மறு ஆண்டே சட்டம் நீக்கப்பட்டது. அப்பெற்றோர் அரசிடம் பணம் கேட்கவில்லை. தம் பணத்தில் நடத்தும் பள்ளியில் அரசு தலையிடலாகாது என்றே கேட்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர, நகர மையத்துப் பங்குப் பள்ளிகள் பல மூடப்பட்டன. புனித எலிசபெத் பங்குப் பள்ளி, கறுப்பினப் பெற்றோர் முயற்சியால் ஹரம்பீ சமூகப் பள்ளியாக மறுபிறவி எடுத்தது. இதற்கிடையே, வழக்கறிஞர் லாய்ட் பார்பி 1965இல் தொடுத்த வழக்கில், அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை நிலவுவதாக 1976இல் தீர்ப்பு வந்தது. பிரிவினையைக் களையும் திட்டத்தில் தொலைதூரப் பேருந்துப் பயணத்தின் சுமை பெரிதும் கறுப்பினக் குழந்தைகள் மீதே விழுந்தது.

இந்தப் பின்புலத்தில்தான் ஜனநாயகக் கட்சியின் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் பாலி வில்லியம்ஸும் குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சனும் கைகோத்தனர். 1990ஆம் ஆண்டுத் திட்டம் ஏழைகளுக்கு மட்டுமானது. சமயப் பள்ளிகளுக்கு அதில் இடமில்லை. விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையிலேயே சேர்க்கை. முதலாண்டில் பயின்றோர் 341 பேர், பள்ளிகள் 7.

1995இல் சமயப் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அரசைத் தள்ளி நிறுத்திய அதே வகைப் பங்குப் பள்ளிகள் இப்போது அரசு நிதியால் உயிர் பிழைத்தன. 2011இல் மாணவர் எண்ணிக்கை வரம்பு நீங்கியது; வருமான வரம்பும் வறுமைக் கோட்டின் மூன்று மடங்காக உயர்ந்தது. ஏழைகளுக்கென வகுத்த திட்டம் தடம் மாறுவதை வில்லியம்ஸே வெளிப்படையாக எதிர்த்தார்.

ஆகவே, 'தெரிவு' நல்லதா தீயதா என்று பொதுவாக வினவுவது ஆய்வுக்குப் பயன்படாது. செலவை ஏற்பவர் யார், தகுதி வரம்பு எவருக்காக வகுக்கப்பட்டது, இடம் குறையும்போது தேர்ந்தெடுப்பது பெற்றோரா பள்ளியா ஆகிய மூன்று வினாக்களே ஒவ்வொரு காலத்திலும் அச்சொல்லின் பொருளைத் தீர்மானித்துள்ளன. 1990இன் சட்டத்தில் குலுக்கலுக்கும் வருமான வரம்புக்கும் இருந்த இடம் நிர்வாக நுணுக்கமன்று. அத்திட்டத்தின் அறமே அவற்றில்தான் இருந்தது. கல்விக் கொள்கை பயிலும் மாணவர்கள் முழக்கங்களை விடுத்து, சட்டங்களின் உட்பிரிவுகளை ஊன்றிப் படிக்க வேண்டியது இதனாலேயே.