வெல்டிங் ராடும் அதன் பூச்சும்

வெல்டிங் ராடு முதலில் வெறும் இரும்புக் கம்பிதான். 1888இல் ரஷ்யாவின் பெர்ம் நகரில் நிக்கோலாய் ஸ்லாவ்யானோவ் கம்பியையே மின்முனையாக்கி, அதையே உருக்கி ஒட்டவைத்தார். உருகிய இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டது. அதனால் வெல்டு எளிதில் நொறுங்கியது.

ஸ்வீடனில் நீராவிக் கப்பல்களின் கொதிகலன்களைப் பழுதுபார்த்தவர் ஆஸ்கர் ஷெல்பெர்க். கொதிகலனில் நொறுங்கும் வெல்டு உயிருக்கே ஆபத்து. 1904இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், கார்பனேட்டும் சிலிக்கேட்டும் குழைத்த கூழில் கம்பியைத் தோய்த்துக் காயவைத்தார். பூச்சு எரிந்து எழுந்த வாயு காற்றை விலக்கியது. பூச்சின் மீதி உருகிக் கசடாகி உலோகத்தின் மேல் ஓடாகப் படிந்தது. இன்று வெல்டர் சுத்தியலால் தட்டி உதிர்க்கும் அந்தக் கறுப்பு ஓடுதான் இத்தொழிலையே தூக்கி நிறுத்தியது.

பின்னாளில் குரோமியம், மாங்கனீசு, கார்பன் எல்லாம் பூச்சிலேயே கலக்கப்பட்டன. சாதாரணக் கம்பியிலிருந்து கடினமான உலோகம் படிந்தது; தேய்ந்த கலப்பைக் கொழுவும் கரும்பாலை உருளையும் மறுபடி வேலைக்கு வந்தன. ராடைத் தேர்ந்தெடுக்கத் தேய்மானம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். மணல் உரசும் இடத்துக்குக் குரோமியம் கார்பைடு ராடு. பாறை மோதும் இடத்தில் அது சில்லு சில்லாகப் பெயரும். அங்கே மாங்கனீசு ராடே தாங்கும். அடியில் இருப்பது கார்பன் மிகுந்த எஃகு என்றால், முதலில் லோ ஹைட்ரஜன் ராடால் ஓர் அடுக்கு போட்டுவிட்டு அதன்மேல் கடின உலோகத்தை ஏற்றுவார்கள்.

லோ ஹைட்ரஜன் ராடைப் பரப்பியது இரண்டாம் உலகப் போர். டாங்கிக் கவசத் தகட்டில் போட்ட வெல்டு அன்று நன்றாகத் தெரியும். மறுநாள் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கும். பூச்சின் ஈரத்திலிருந்து பிரிந்து எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் செய்த வேலை அது. சுண்ணாம்புக்கல்லும் ஃபுளோர்ஸ்பாரும் கலந்து நன்கு சுட்டெடுத்த பூச்சு அதற்கு மருந்தானது.

ஆனால் அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சும். ஆகவே லோ ஹைட்ரஜன் வகையான 7018 ராடின் டப்பாவைத் திறந்ததும் சுமார் 120 டிகிரி செல்சியஸ் சூடுள்ள ஓவனில் அடுக்குவது வழக்கம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் 350 டிகிரியில் மறுபடி சுட வேண்டும். காய்ந்த ராடுகளைக் கையில் குலுக்கினால் கணீரென்று ஒலிக்கும். ஈரமேறியவை மொத்தென்று ஒலிக்கும். நெடுநாள் ஈரத்தில் கிடந்த ராடின் மேல் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். அதைச் சுட்டும் பயனில்லை, ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஆனால் குழாய் வேலைக்கான 6010 ராடை ஓவனில் வைக்கக் கூடாது. அதன் செல்லுலோஸ் பூச்சில் சிறிது ஈரம் இருந்தால்தான் ஆர்க் ஆழமாக இறங்கும்.