ஜின்ஜு

தென் கொரியாவின் தென் கியோங்சாங் மாகாணத்தில், நம்காங் ஆற்றின் கரையில் அமைந்த நகரம். ஆறு ஊரை வளைந்து கடந்து, கீழே நக்டோங் ஆற்றில் கலக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 3.4 லட்சம். கோரியோ அரசர் காலத்தில், 983-இல், நாட்டின் 12 பெரும் நிர்வாகத் தலைமையிடங்களுள் ஒன்றாயிற்று.

ஊரின் பெயர் நிலைத்தது ஜப்பானியப் படையெடுப்பின்போது. 1592-இல் ஜின்ஜு கோட்டையைச் சூழ்ந்த பெரும்படையை ஏறத்தாழ 3,800 வீரர்களைக் கொண்டே தளபதி கிம் சி-மின் விரட்டினார். நெற்றியில் குண்டு பட்டுச் சில நாளில் இறந்தார். இரவில் எதிரி ஆற்றைக் கடக்காதபடியும், வெளியே இருந்த துணைப்படைக்குச் சைகையாகவும் ஆற்றில் விளக்குகள் மிதக்கவிடப்பட்டன என்பர். அக்டோபரில் நடக்கும் விளக்குத் திருவிழா அதன் நினைவே. மறுஆண்டு ஜப்பானியர் பன்மடங்கு படையுடன் திரும்பி வந்து கோட்டையைப் பிடித்தனர். உள்ளே 70,000 பேர் மடிந்தனர் என்பது மரபு. வெற்றி விருந்தில் நோன்கே என்ற கிசெங், அதாவது அவைக் கலைஞர், எதிரித் தளபதி ஒருவனை இறுகத் தழுவியபடி ஆற்றுப் பாறையிலிருந்து குதித்தாள் என்பர். பாறையின் பெயர் உயிஆம். அது கரையிலிருந்து சற்றே தள்ளி நீரில் நிற்கிறது. அவளுக்கு 1740-இல் எழுப்பிய கோயில் மேலே இருக்கிறது.

பாறைக்கு நேர் மேலே சோக்சோங்னு மண்டபம். 1241-இல் தோன்றிய இது 1950-இல் கொரியப் போரில் எரிந்தது. இன்று காண்பது 1960-இல் கட்டியது. கோட்டைக்குள் உள்ள தேசிய அருங்காட்சியகம் 1984-இல் திறக்கப்பட்டது.

1862-இல் வரிக்கொடுமையை எதிர்த்து உழவர் எழுந்ததும், 1923-இல் தீண்டத்தகாதோராக நடத்தப்பட்ட பெக்ஜோங் மக்களுக்கான ஹியோங்பியோங்சா இயக்கம் பிறந்ததும் இங்கேதான். இங்கிருந்த மாகாணத் தலைநகரம் 1925-இல் புசானுக்குப் போனது.

ஜின்ஜு பிபிம்பாப்பில் சோற்றின் மேல் பொடியாக நறுக்கி வெந்நீரில் வாட்டிய கீரைகள், அதன்மேல் சுவையூட்டிய பச்சை மாட்டிறைச்சி. கூடவே உறைந்த மாட்டு ரத்தத் துண்டுகள் மிதக்கும் சூடான சாறு. பச்சை இறைச்சிக்குத் தயங்குவோர் நெங்மியோன் கேட்கலாம்: உலர்ந்த நெத்திலி முதலியவற்றைக் கொதிக்கவைத்துக் குளிரவிட்ட சாற்றில் நூடுல்ஸ், மேலே முட்டையில் தோய்த்துப் பொரித்த இறைச்சிக் கீற்றுகள். கோட்டை வாசலருகே விலாங்கு மீன் சுடும் கடைகள் உண்டு.

பட்டு நெசவு மரபுத் தொழில். 2015 முதல் அரசின் நில, வீட்டுவசதி நிறுவனத் தலைமையகம் இங்கே செயல்படுகிறது.