கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளில் எழுதக் கற்பித்தல்: ஏடு தொடக்கிய காலம் முதல் புலமைப்பரிசில் காலம் வரை

இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்து நெடுங்காலம் கைப்பயிற்சியாகவே கற்பிக்கப்பட்டது. விசயதசமியன்று ஏடு தொடக்கி, மணலில் விரலால் எழுத்துப் போட்டு, கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பதே திண்ணைப் பள்ளியின் ஒழுங்கு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் பிள்ளை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதியது. அடுத்து ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று மனனம் தொடர்ந்தது. சொல்லக் கேட்டதை ஓலையில் பதிப்பதும் இருக்கும் ஏட்டைப் படியெடுப்பதுமே அன்று எழுதுதல் எனப்பட்டது. அதை வெறும் குறையாகக் கொள்வது நியாயமன்று. படியெடுப்போர் இல்லையெனில் நூல் அழிந்துபோகும் காலத்தில், பிழைவிடாத கைதான் சமூகத்தின் முதல் தேவை.

அச்சு வந்தபோது இந்த நிலை மாறத் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் பாலபாடங்களை அச்சிட்டார். எழுத்து, சொல், சிறு வசனம், பந்தி எனப் படிப்படியாக ஏறும் அந்த நூல்கள் செய்யுளை மட்டுமே ஓதிவந்த பிள்ளையின் முன் உரைநடையை வைத்தன. சந்தியைப் பிரித்து, நிறுத்தக்குறி இட்டு அச்சிட்ட வசனத்தைப் பார்த்த பிள்ளைக்கு, வசனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. தமிழ்ப் பிள்ளைகள் எழுதக் கற்ற வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. ஆயினும் பாலபாடம் வாசிக்கக் கொடுத்த நூல். பிள்ளை தானாக ஒன்றை எழுதுவதற்கு அதில் இடம் வைக்கப்படவில்லை.

கொழும்பின் கதை வேறு வழியில் சென்றது. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் 1865இல் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும், 1869இல் நல்லாயன் கன்னியர் மடமும் தோன்றின. அக்காலப் பாடசாலைகள் கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளி, கட்டணமில்லாச் சுயமொழிப் பள்ளி என இரண்டாகப் பிரிந்து நின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கட்டுரை எழுதப் பழகியது ஆங்கிலத்தில். தமிழை எழுத்துக்கூட்டும் அளவோடு விட்டது. ஏழைப் பிள்ளை தமிழில் படித்தாலும் சில ஆண்டுகளில் படிப்பை நிறுத்திக்கொண்டது. 1869இல் அமைந்த பொதுப்போதனைத் திணைக்களம் உதவிபெறும் பள்ளிகளுக்கு நன்கொடை வழங்கியபோது, பரிசோதகர் முன் பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் காட்டிய பெறுபேற்றைக் கொண்டே தொகையைக் கணித்தது. பரிசோதகர் வரும் நாளுக்காகச் சொல்வதெழுதலும் உறுப்பெழுத்தும் இடைவிடாமல் பயிற்றப்பட்டன. அந்த நன்கொடை முறை பின்னர் கைவிடப்பட்டது. அது வளர்த்த பழக்கம் கைவிடப்படவில்லை. பிழையை எண்ணித் திருத்துவதே எழுத்துப் பாடம் என்னும் எண்ணம் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் அன்று வேரூன்றியது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழரின் சொந்த அமைப்புகள் கொழும்பில் வலுப்பெற்றன. 1902இல் விவேகானந்த சபை தொடங்கப்பட்டது. 1930களில் வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயம் பெண்பிள்ளைகளுக்காக வளர்ந்தது. 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. 57ஆம் ஒழுங்கையில் உள்ள அதன் மண்டபமும் நூலகமும் இன்றும் வெள்ளவத்தையின் அடையாளங்கள். இதே காலத்தில் வடக்கில் க. ச. அருள்நந்தியின் முயற்சியால் 1935இல் வெளியான ‘பிள்ளைப்பாட்டு’ தொகுப்பு, பிள்ளைகளுக்கு எளிய தமிழே ஏற்றது என்பதை ஆசிரியருலகம் ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

சட்டத்தின் வழியே வந்த மாற்றத்துக்குக் கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காரணமானார். அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளுக்குத் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. கொழும்பில் அதன் விளைவு நன்கு உணரப்பட்டது. ஆங்கிலத்தில் எழுத்தறிவு பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் முதன்முறையாகத் தமிழில் வசனம் அமைத்து, பந்தி எழுதி, எல்லாப் பாடங்களுக்கும் தமிழிலேயே விடையளிக்க நேர்ந்தது.

அப்போதுதான் அதுவரை மறைந்திருந்த ஒரு சிக்கல் வகுப்பறையில் வெளிப்பட்டது. பிள்ளை பேசும் தமிழும் எழுத வேண்டிய தமிழும் வேறுவேறு. யாழ்ப்பாண வேருள்ள வெள்ளவத்தைப் பிள்ளை ‘போறன்’ என்கிறது. கொட்டாஞ்சேனையில் மலையகத்தோடும் தமிழகத்தோடும் உறவுள்ள வீட்டுப் பிள்ளை ‘போறேன்’ என்கிறது. இரண்டையும் ‘போகிறேன்’ என்றே எழுத வேண்டும். ‘அப்பா கடைக்குப் போட்டார்’ (போய்விட்டார்) என்று பேசியபடியே கொப்பியில் எழுதும் பிள்ளை தனக்குத் தெரிந்த இலக்கணப்படி சரியாகவே எழுதுகிறது. அந்த இடத்தில் சிவப்பு மையால் வெட்டினால், அடுத்த முறை பிள்ளை தன் வீட்டைப் பற்றி எழுதாது. புத்தகத்தில் உள்ள வசனத்தையே திரும்ப எழுதும். முதலில் பேச்சில் சொல்லவிட்டு, சொன்னதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, பின்னர் பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துநடைக்கு மாற்றுவதே பயன்தரும் வழி. ரகர–றகர, லகர–ளகர–ழகர மயக்கங்களையும் சொற்பட்டியலாக அன்றி, பிள்ளை எழுதிய வசனத்துக்குள் வைத்துத் திருத்தும்போதுதான் அவை நிலைக்கின்றன.

1970களின் தொடக்கச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்விக்கு ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 1980இல் இலவசப் பாடநூல்கள் வந்தன. 1985இன் சட்டத்தால் மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. தமிழகம் 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்மையைப் பின்னர் இலங்கைப் பாடநூல்களும் ஏற்றதால், ‘ணை’, ‘லை’, ‘ளை’ போன்ற எழுத்துகளின் பழைய கொம்பு வடிவங்களைச் சிறு கைகள் வரைய வேண்டிய சுமை நீங்கியது. இதற்கிடையே 1983 யூலை வன்செயல் வெள்ளவத்தைக் குடும்பங்களைச் சிதறடித்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி போன்ற பாடசாலைகள் அகதி முகாம்களாயின. தொடர்ந்த போர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்த பிள்ளைகளை இதே வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. பல ஊர்ப் பேச்சுகள் ஒரே வகுப்பில் கலந்தது கொழும்பு ஆசிரியருக்கு வாய்த்த சவால்.

உலகின் பிற பகுதிகளிலும் அந்த ஆண்டுகளில் எழுத்துக் கல்வி மறுசிந்தனைக்கு உள்ளானது. அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கிரேவ்ஸ் 1983இல் வெளியிட்ட நூலில், பிள்ளை தானே பொருளைத் தெரிந்து, முதல் வரைவு எழுதி, ஆசிரியரோடு பேசித் திருத்தும் வழியை வலியுறுத்தினார். 1998இல் கம்பகா மாவட்டத்தில் பரீட்சித்து 1999இல் நாடெங்கும் விரிந்த இலங்கைச் சீர்திருத்தமும் பிள்ளையை நடுவில் வைத்தது. ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டது. தரம் 1, 2இல் விளையாட்டும் செயற்பாடும் முன்னின்றன. எழுத்துவேலை மேல் வகுப்புகளில் படிப்படியாகக் கூடியது. கேட்டல், பேசுதல், வாசித்தலின் பின்னரே எழுதுதல் என்ற வரிசை ஆசிரியர் கையில் கொடுக்கப்பட்டது. நல்ல திட்டம் அது.

அதைத் தடுத்து நிற்பது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. அதில் பெரும்பகுதி தெரிவு விடைகளும் குறுவிடைகளும். ஆகவே தரம் 3 தொடங்கியே பிள்ளை ரியூட்டரியில் வினாத்தாள் செய்து பழகுகிறது. ‘எனது பாடசாலை’, ‘நான் விரும்பும் பெரியார்’ போன்ற கட்டுரைகளை மனனம் செய்கிறது. ஒரே வகுப்பில் பலர் ஒரே தொடக்க வசனத்தை எழுதுகிறார்கள். பெறுபேற்றுக்கேற்ற நன்கொடைக் காலத்துப் பயிற்சியின் நேர்வாரிசு இது. மறுபுறம், சர்வதேசப் பாடசாலைகளுக்குச் செல்லும் வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குத் தமிழ் மீண்டும் ஒரு துணைப்பாடமாகிவிட்டது. 1945க்கு முந்தைய பிளவு புதிய வடிவில் திரும்பியிருக்கிறது.

பிள்ளையின் எழுத்தை எழுத்தாகவே வாசிக்கும் இடங்களில் அகில இலங்கைத் தமிழ்மொழித்தினப் போட்டிகள் முக்கியமானவை. ஆனால் போட்டிக்குத் தெரிவாவது வகுப்பில் ஓரிருவர்தான். எஞ்சிய பிள்ளைகள் எழுதுவதை வாசிக்க வகுப்பாசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை வினாத்தாளிடமிருந்து மீட்டுக் கொடுக்க வேண்டிய பொறுப்பு கல்வி அமைச்சையும் பெற்றோரையும் சார்ந்தது.