கணினியின் காலைப் பெரட்டு



பொழுது இன்னும் புலரவில்லை. லயத்து வீடுகளில் விளக்கு எரிகிறது. வாளியும் வெட்டுக் கத்தியுமாக எல்லாரும் தோட்டத்து ஆபீசின் முன்னால் பெரட்டுக்கு நிற்கிறார்கள். கிராணியார் செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிடுகிறார். யாருக்கு எந்த நிரை என்று கங்காணி சொல்கிறார். கால் மணி நேரத்தில் களம் காலியாகிவிடுகிறது. இருட்டிலேயே அவரவர் தம் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும் இந்தக் காட்சியை மறவாத பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு நாள் அந்தப் புத்தகம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பழைய கிராணியார் எல்லாவற்றையும் மனத்திலேயே வைத்திருந்தார், அவர் படுத்த படுக்கையாகிவிட்டார், புதியவர் வந்திருக்கிறார். அன்று என்ன நடக்கும்? ஆட்கள் இருப்பார்கள், மரங்கள் இருக்கும், பாதையும் இருக்கும். ஆனால் யார் எங்கே போவது என்பது மட்டும் தெரியாது. தோட்டம் விழித்திருந்தும் வேலை நடக்காது.

கணினியின் கதையும் இதுதான். மின்சாரம் வந்து அது கண் விழிக்கும்போது, தான் யார், செய்தியை எந்த வழியில் அனுப்புவது என்பவற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அந்த வழியைச் சொல்லும் முறை எப்படி வளர்ந்தது, அதில் நமது பினாங்குக்கு என்ன பங்கு என்பதை இன்று பார்ப்போம்.

கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, செய்திகள் வழிமாறும் சந்தியாகப் பினாங்கு விளங்கியது. 1869ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்திக் கம்பெனி தோன்றியது. அது சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடியில் தந்தி வடம் இட்டது. 1871ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த வழியே செய்திகள் ஓடத் தொடங்கின. அதே ஆண்டில் வடம் ஹாங்காங்கை எட்டியது; 1872இல் ஜாவா வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் தந்தித் தொடர்பு கிடைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் வங்கக் கடலில் நாள்கணக்கில் அலைமோதி வந்த அதே திசையில், ஒரு சொல் இப்போது சில நொடிகளில் கடலைக் கடந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சென்னையில் இருந்த தந்திக் குமாஸ்தா ஆஸ்திரேலியாவுக்குள் உள்ள ஊர்களையெல்லாம் அறிந்திருக்க வேண்டியதில்லை. கிழக்கே போகும் செய்தி எதுவானாலும் பினாங்குக்குக் கொடு என்பது ஒன்றே அவருக்குப் போதும். பினாங்கில் இருந்தவர் அதை வாங்கிச் சிங்கப்பூருக்குத் தள்ளுவார். சிங்கப்பூரில் இருந்தவர் அது சீனத்துக்கா ஜாவாவுக்கா என்று பிரிப்பார். முழுப் பாதையையும் அறிந்தவர் எவருமில்லை; அடுத்த படியை மட்டுமே ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள். இருந்தும் செய்தி போய்ச் சேர்ந்தது. இன்றைய இணையம் இயங்குவதும் இந்த ஒரே கருத்தின் மீதுதான்.

வழி ஒன்றே ஒன்றாக இருந்தால் ஆபத்து என்பதையும் பினாங்கு கண்டது. 1914 அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ரஷ்யாவின் ஷெம்சுக் கப்பலையும் பிரான்சின் மூஸ்கே கப்பலையும் மூழ்கடித்துவிட்டு ஓடியது. ஒரு மாதத்துக்கு முன்புதான் அது சென்னையின் மீது குண்டு வீசியிருந்தது. நவம்பர் 9ஆம் நாள் அது கோக்கோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைக்கும் வடங்கள் அங்கே கூடின. ஆனால் கருவிகள் நொறுங்குவதற்கு முன்பே நிலையத்தார் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து எம்டனை முடித்தது. சந்தியைத் தாக்கினால் சாம்ராஜ்யத்தின் பேச்சையே அடைத்துவிடலாம் என்பதை எதிரி அறிந்திருந்தான் பாருங்கள்!

இனி கணினிக்கு வருவோம். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயக்க முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். கணினியின் உறுப்புகளையெல்லாம் வேலை வாங்கும் அடிப்படை நிரலே இயக்க முறை. அதே 1969இல்தான் அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்ற கணினி வலையும் பிறந்தது. 1983 சனவரி முதல் நாள் அந்த வலை டிசிபி-ஐபி என்ற பொது நடைமுறைக்கு மாறியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ், இந்த நடைமுறையையும் வழி குறிக்கும் 'ரூட்' என்ற கட்டளையையும் சேர்த்தே கொண்டு வந்தது.

யூனிக்ஸ் எப்படிப் பெரட்டு எடுக்கிறது? மின்சாரம் வந்ததும் இயக்க முறையின் கரு நினைவகத்தில் ஏறுகிறது. அது முதல் வேலையாளை எழுப்புகிறது. அந்த வேலையாள் 'ஆர்சி' என்ற ஏட்டைத் திறந்து, அதில் எழுதியிருக்கும் கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுகிறான். முதலில் கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் 127.0.0.1 என்ற முகவரி. பிறகு வெளியே போகும் கம்பிக்கு ஒரு முகவரி. அதன் பிறகே வழி: தெரிந்த ஊர்களுக்கு இந்தக் கம்பி, தெரியாத ஊர் எதுவானாலும் இன்ன வாசலுக்குக் கொடு. இந்தக் கடைசி வரியை 'டிபால்ட்' வழி என்பார்கள். பொதுவழி என்று நாம் சொல்லலாம். சென்னைக் குமாஸ்தாவின் 'பினாங்குக்குக் கொடு' என்பதும் இதுவும் ஒன்றே.

வரிசை முக்கியம். கம்பிக்கு முகவரி தருமுன் வழியைச் சொன்னால், அந்த வாசலை எப்படி எட்டுவது என்று தெரியாமல் கணினி கட்டளையைத் தள்ளிவிடும். பெயர் கூப்பிடாமல் நிரை பிரிக்க முடியுமா?

எழுதி வைப்பதும் முக்கியம். ஒருவர் விசைப்பலகையில் அமர்ந்து வழியைக் கையால் தட்டிக் கொடுத்தால், கணினி அதை உடனே ஏற்று நடக்கும். ஆனால் அது நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மின்சாரம் ஒரு தடவை போய் வந்தால் அந்த வழி மறைந்துவிடும். நேற்று வரை நன்றாக ஓடியதே என்று மறுநாள் காலையில் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தொடக்க ஏட்டில் அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், எத்தனை முறை அணைந்தாலும் கணினி விழித்ததும் தன் வழியைத் தானே கண்டுகொள்ளும்.

இந்த ஏட்டின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களில் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தில் பணி செய்தார். கட்டளைகளை ஏட்டில் எழுதி வைத்து வரிசையாக ஓட்டும் 'ரன்காம்' என்ற வசதியைச் செய்தவர் அவரே. 'ஆர்சி' என்பது அதன் சுருக்கம். அதே பூசான் பிரான்சுக்குத் திரும்பி, 1970களில் சிக்லாட் என்ற வலையை அமைத்தார். செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வழி தேடிப் போகவிடும் முறையை அதில் நடத்திக் காட்டினார். இன்றைய இணையத்துக்கு அது ஒரு மூலம். விழித்தெழும் ஏட்டையும் வழி தேடும் பொட்டலத்தையும் ஒரே மனிதர் தந்தது வியப்பல்லவா? 2013இல் இங்கிலாந்தின் எலிசபெத் அரசியார் பெயரிலான பொறியியல் பரிசு, இணையத்தை உருவாக்கியவர்களுள் ஒருவராக அவருக்கும் வழங்கப்பட்டது.

நம் நாட்டில் 1985இல் மைமோஸ் என்ற நுண்மின்னியல் நிலையம் தொடங்கியது. அது 1987இல் ராங்கோம் என்ற வலையை அமைத்து, பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி வழியே இணைத்தது. அக்காலத்து யூனிக்ஸ் அஞ்சல் முறையில், கடிதம் எந்தெந்தக் கணினிகள் வழியாகப் போக வேண்டும் என்பதை அனுப்புகிறவரே ஆச்சரியக்குறி இட்டு வரிசையாக எழுதுவது வழக்கம். உறையின் மீது ஈப்போ, பட்டர்வொர்த், பினாங்கு, நாகப்பட்டினம் என்று தங்குமிடங்களையெல்லாம் எழுதுவது போல! நடுவில் ஓரிடம் மாறினாலும் கடிதம் தவறிவிடும். 1992இல் ஜாரிங் வந்தது. மலாய் மொழியில் அதற்கு வலை என்று பொருள். அதன் வழியே நாடு இணையத்தோடு சேர்ந்தது. அதன் பின் போய்ச் சேரும் முகவரியை மட்டும் எழுதினால் போதும். வழியை நடுவில் உள்ள இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும்.

பினாங்கும் ஒதுங்கியிருக்கவில்லை. 1981இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தொலைபேசிக் கடலடி வடம் திறக்கப்பட்டது. 110 ஆண்டுகளுக்கு முன் தந்தி போன அதே இரு கரைகள்! 1997இல் இங்கிலாந்தையும் ஜப்பானையும் இணைக்கும் பிளாக் என்ற கண்ணாடி இழை வடம் பினாங்கில் கரையேறியது. 2005இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், இணையத்தின் புதிய முகவரி முறையாகிய ஐபிவி-6 பற்றிய தேசிய நிலையம் அமைந்தது.

வழியைத் தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? 2015 சூன் 12ஆம் நாள் அது நம் நாட்டிலேயே நடந்தது. தெலிகோம் மலேசியாவின் வலையிலிருந்து சுமார் 179,000 வழிக்குறிப்புகள் தவறுதலாக ஒரு பெரிய பன்னாட்டு வலைக்குப் போய்விட்டன. உலகின் பல பகுதிகளுக்குப் போக வேண்டிய செய்திகள் இந்த வழியே திரும்பி வந்து நெரிந்தன. இரண்டு மணி நேரம் போல உலக இணையமே தள்ளாடியது. கம்பி ஒன்றும் அறவில்லை. குறிப்பு பிசகியது, அவ்வளவுதான்.

இன்று உங்கள் கைபேசியும் தினம் பெரட்டுக்கு நிற்கிறது. பெரும்பாலான கைபேசிகளில் இருக்கும் ஆண்ட்ராய்டு, யூனிக்ஸின் வழியில் எழுந்த லினக்ஸ் கருவின் மீது அமைந்தது. வீட்டு வைஃபையில் சேரும்போது அது, "என் முகவரி என்ன, வெளியே போகும் வாசல் எது?" என்று கேட்டு, விடை பெற்ற பிறகே பேசத் தொடங்குகிறது. இவ்வாறு கேட்டுப் பெறும் முறை 1993இல் வகுக்கப்பட்டது.

நேயர்களே, இந்த வரலாறு இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. நம் தாத்தாமார் பலருக்குத் தமிழ்நாட்டில் தம் ஊர், தபால் ஆபீஸ், பங்காளிகளின் பெயர் எல்லாம் மனப்பாடமாக இருந்தன. கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கண் மூடியபோது அந்த வழியும் மூடிப்போன குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! ஊர் அங்கேயே இருக்கிறது, உறவும் இருக்கிறது. போகும் வழி மட்டும் நம்மிடம் இல்லை.

ஆகவே இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களை உட்கார வைத்து, ஊர், தாலுகா, உறவினர் பெயர், வந்த கப்பல், முதலில் இறங்கிய தோட்டம் எனத் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். நாளைக்கு எழுந்திருக்கிறவர்களுக்கு அந்த ஏடு வழி சொல்லும்.