அருளர்: பிறப்பைக் கேட்காத தாளம்

பறையை விடுவதா, எடுப்பதா? 1990களில் நம் கூட்டங்களில் இந்தச் சண்டை ஓயவே இல்லை. மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில் பறை விடுதலைக் கருவியாக முழங்கியது. மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில், பார்ப்பனருக்குத் தானம் தந்த நிலத்தின் பெயரை இன்னும் சுமக்கிற எங்க பிரம்மதேசத்துல, பெரியவங்க வேற சொன்னாங்க: "அடிச்சது போதும்பா. எவன் செத்தாலும் நாமதான் போகணுமா?" இரண்டிலும் நியாயம் உண்டு. வெறுப்பு தோலின்மேல் அல்ல. பிறப்போடு கட்டிவிட்ட ஊழியத்தின்மேல்.

இந்தக் கேள்வியோடுதான் 2005இல் வெளியான 'அருளர்' இசைத்தொகுப்பை நான் கேட்கிறேன். மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.வின் முதல் தொகுப்பு அது. 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாக லண்டனுக்கே திரும்பியவர். தொகுப்பின் பெயர், ஈரோஸ் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அப்பாவின் இயக்கப் பெயர்.

அவர் படித்தது சினிமா, சங்கீதம் அல்ல. கையில் கிடைத்தது ரோலண்ட் எம்.சி.-505 என்ற மின் தாளப்பெட்டி. பொத்தானை அழுத்தி ஓர் அடியைப் பதியலாம். அது சுழலும்போதே மேலே இன்னொன்றை ஏற்றலாம். குரு வேண்டாம், அரங்கேற்றம் வேண்டாம். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று பெட்டி கேட்காது. அகதிப் பெண்ணின் ஆத்திரம் உலகத்தையே ஆட வைத்தது. அதே ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் வந்தது. ஆனால் 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சொல்லும் ஒரே வரிக்காக அமெரிக்க எம்.டி.வி. முகம் சுளித்தது. ஆடலாம், பேசக் கூடாது! நமக்கு இது புதுசா என்ன?

அதற்காக அவரை நம்மவராக்கிவிட வேண்டாம். அகதியின் வலி வேறு, சேரியின் வலி வேறு. தாளத்தைப் பிறப்பிலிருந்து பிரிக்கலாம் என்று அந்தப் பெட்டி காட்டியது. அடிக்கிறவனிடமிருந்தும் பிரித்துவிடலாம் என்ற ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. 2007இல் அம்மா பெயரில் வந்த 'கலா' தொகுப்பில் உறுமி ஒலித்தது, உலகம் கொண்டாடியது. உறுமி அடித்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் பறையும் மின்கித்தாரும் ஒன்றாக நின்றன. அடித்தவர்கள் யார் ஏவியும் வரவில்லை. தங்கள் முகத்தோடு, பெயரோடு முன்னால் நின்றார்கள். பெட்டியோ பறையோ, எதை வேண்டுமானாலும் எடுப்போம். அடிக்கச் சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. அடிப்பவர் பெயரை மறைக்கவும் உரிமையில்லை.